பறவை காட்டக் கத்துக்கிறேன்

வேடந்தாங்கலுக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். இந்த சீசன்ல, சரணாலயத்துக்கு வர்ற பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குப் பறவைகளைக் காட்டி விளக்கம் சொல்ற பயிற்சியில சேர்ந்திருக்கேன். கூட இருக்குறவங்க எல்லாம் காலேஜ் பிள்ளைங்க. "இந்த வயசுல என்ன படிப்பு?"ன்னு வீட்டுல சிரிக்கிறாங்க.

பறவை தெரியுறது வேற, சொல்லத் தெரியுறது வேறங்க. பயிற்சி குடுக்குற தம்பி முதல் நாளே சொன்னார்: "ஐயா, பேரை முதல்ல சொல்லாதீங்க. பேர் கிடைச்சா பிள்ளைங்க எழுதிக்கிட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. கேள்வி கேளுங்க." கடைசிப் பிள்ளை வந்து சேர்ற வரைக்கும் பேச ஆரம்பிக்கக் கூடாது. வெயில் பிள்ளைங்க கண்ணுல அடிக்கக் கூடாது, நாமதான் வெயிலைப் பார்த்து நிக்கணும். "அதோ"ன்னு கையை நீட்டினா யாருக்கும் தெரியாது. "அந்த மொட்டைக் கிளைக்கு இடது பக்கம்"னு அடையாளம் சொல்லணும்.

போன வாரம் நத்தைகுத்தி நாரையைக் காட்டினேன். "அலகை மூடினாலும் நடுவுல சந்து தெரியுது பாருங்க. எதுக்கு?"ன்னு கேட்டேன். "உடைஞ்சு போச்சா தாத்தா?"ன்னுச்சு ஒரு பொண்ணு. நத்தையைப் பிடிக்கிறதுக்குன்னு அவங்களாவே கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. அந்த நாரையை இனி மறக்க மாட்டாங்க.

அடுத்த கேள்வி: "நத்தை எங்க கிடைக்கும்?" இதுக்குப் பதில் என்கிட்ட இருக்கு. சரணாலயம் சுமார் 30 ஹெக்டேர்தான். பறவைங்க இங்க கூடு கட்டுது. இரை தேடப் போறது சுத்தியிருக்குற ஏரிக்கும் எங்க நெல் வயலுக்கும். பதிலுக்கு எச்சம் கலந்த ஏரித் தண்ணி எங்க பயிருக்கு உரம். அதனாலதான் இங்க பறவை சுடக் கூடாதுன்னு 1798-லயே ஊர்க்காரங்க கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட எழுதி வாங்கினாங்க.

இப்ப எங்க ஊர்ல வயலுக்கு நடுவுல மனைக் கல்லு நிக்குது. சரணாலயத்துக்கு வேலி இருக்கு, வயலுக்கு இல்ல. வயல் போனா குஞ்சுக்கு இரை எங்கேர்ந்து வரும்? பிள்ளைங்ககிட்ட இதையும் கேள்வியாத்தான் விடுறேன். பதில் சொல்ல வேண்டியவங்க பெரியவங்க.

ஏரியில தண்ணி இருந்தா நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் வாங்க. காலையில சீக்கிரம் வந்தா நல்லது. பார்த்துட்டு அப்படியே போயிடாம, கரையைத் தாண்டி வயல் பக்கமும் ஒரு நடை வந்துட்டுப் போங்க.