கழுகு எய்த பையன்

நம் கதாநாயகர்களுக்கு எல்லா வித்தையும் பிறக்கும்போதே வந்துவிடும், கவனித்திருக்கிறீர்களா? சினிமாவில் ஒரு பாட்டு முடிவதற்குள் வாள் சுற்றக் கற்றுக்கொள்வார்கள். ஆசான் ஒரு தடவை செய்து காட்டினால் போதும். சில படங்களில் அதுகூட வேண்டாம். எதிரே பத்து அடியாட்கள் வந்து நின்றால் வித்தை தானாகக் கைக்கு இறங்கிவிடும்.

இந்த விதிக்கு அடங்காத ஒரு பையனை உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். பெயர் குவோ ஜிங். எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய சீனாவில் நடக்கும் ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகன். பையன் மந்தம். நாலு வயதில்தான் பேச்சே வருகிறது. மற்ற பிள்ளைகள் ஒரு நாளில் படிக்கிற அடியைப் படிக்க இவனுக்குப் பத்து நாள் வேண்டும்.

கதை இதுதான். குவோ ஜிங்கின் அப்பாவை எதிரிகள் கொன்றுவிடுகிறார்கள். அம்மா தப்பித்து மங்கோலியப் புல்வெளிக்குப் போய்ச் சேர்கிறாள். செங்கிஸ்கானின் கூடாரங்களுக்கு நடுவே பையன் வளர்கிறான். அப்பாவுடைய நண்பரின் மகன் யாங் காங்கோ, எதிரி நாட்டு இளவரசன் வீட்டில் செல்லப்பிள்ளையாக வளர்கிறான். இந்த இரண்டு பிள்ளைகளை வைத்து ஆசான்களுக்குள் ஒரு பந்தயம். ஆளுக்கு ஒருவனைத் தேடிப் பிடித்துப் பழக்க வேண்டியது. பதினெட்டு வயதில் இரண்டு பேரையும் மோதவிட வேண்டியது. சூட்டிகையான யாங் காங்குக்கு ஒரே ஓர் ஆசான். நம்ம ஆளுக்கு ஏழு பேர். ஏழு பேரும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்!

அவனுக்குக் கைவசம் இருக்கும் ஒரே சொத்து, சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்வது. ஒருநாள் ஒரே அம்பில் வானத்தில் பறக்கும் இரண்டு கழுகுகளை வீழ்த்துகிறான். ‘கழுகை எய்த வீரர்கள்’ என்ற பொருளில் சீன மொழியில் கதைக்குத் தலைப்பு வந்தது இப்படித்தான்.

இந்தச் சீனப் பையன் எங்கள் காரைக்கால் வீட்டுக்குள் இரண்டு வழியாக நுழைந்தான்.

முதல் வழி என் சித்தப்பா. எழுபதுகளில் மலேசியாவுக்குப் போனவர். ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கேயின் மளிகைக் கடையில் பதினைந்து வருஷம் வேலை. காண்டனீஸ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. 1983-ல் ஹாங்காங்கின் டிவிபி நிறுவனம் இந்தக் கதையை 59 பகுதிகளாக எடுத்தது. ஃபெலிக்ஸ் வாங் என்பவர் குவோ ஜிங், பார்பரா யங் என்ற பெண் கதாநாயகி ஹுவாங் ரோங். மலேசியச் சீனர்கள் வீட்டில் வீடியோ கேசட் ஓயாமல் ஓடிய காலம். ராத்திரி கடை சாத்தியதும் தவுக்கே குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து பார்க்கும். சித்தப்பாவும் அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு பார்த்திருக்கிறார். 1985-ல் அந்தப் பெண் பார்பரா யங் 26 வயதில் இறந்துபோனபோது, “தவுக்கே சம்சாரம் ரெண்டு நாள் அடுப்பு பத்த வைக்கலப்பா” என்பார்.

இரண்டாவது வழி என் தம்பி மகன். பன்னிரண்டு வயது. இதே கதை 2017-ல் 52 பகுதிகளாக மறுபடி எடுக்கப்பட்டது. அவன் அதைச் செல்போனில், ஆங்கில எழுத்துகளைப் படித்துக்கொண்டே பார்த்து முடித்துவிட்டான். தாத்தாவுக்கும் பேரனுக்கும் தினம் சண்டை.

“எங்க ஆள் அடிச்சா நிஜமா அடிச்ச மாதிரி இருக்கும்டா. உன் ஆள் பறந்துக்கிட்டே இருக்கான்.”

“தாத்தா, உங்க படத்துல மலையே அட்டையில செஞ்சிருக்காங்க. நான் பார்த்தேன்.”

நடுவில் மாட்டிக்கொண்ட நான், இந்தக் கதையை எழுதியவர் யாரென்று தேடிப் பிடித்துப் படித்தேன். ஆச்சரியமாகிவிட்டது.

எழுதியவர் ஜின் யோங். 1957 முதல் 1959 வரை ஹாங்காங் நாளிதழ் ஒன்றில் தினமும் கொஞ்சமாக வந்த தொடர்கதை இது. பத்திரிகையாளர். 1959-ல் சொந்தமாகப் பத்திரிகை தொடங்கினார். சரித்திரத்தை எடுத்துக்கொண்டு, நிஜ மன்னர்களுக்கு நடுவே கற்பனை வாலிபர்களை உலவவிட்டார். தலைமுறை தலைமுறையாகச் சீனர்கள் அவரைப் படிக்கிறார்கள். 2018-ல் 94 வயதில் காலமானார்.

உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்? எனக்கும் அவரேதான். 1950-லிருந்து 1954 வரை, தான் தொடங்கிய பத்திரிகையில் வாரா வாரம் ‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கி. நம் வீடுகளில் பைண்டு பண்ணி வைத்துப் படித்த மாதிரியே அங்கேயும் படித்திருக்கிறார்கள். ஜின் யோங் தன் ஆதர்சம் என்று வெளிப்படையாகச் சொன்னது பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்ஸாந்தர் துமாவை. கல்கியைப் பற்றிப் பேசுகிறவர்களும் துமா பெயரை இழுக்காமல் விடுவதில்லை. பிரெஞ்சு அரசாங்கம் 1992-ல் ஜின் யோங்குக்குச் செவாலியே பட்டமும் கொடுத்தது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்கொடி பறந்த ஊர்க்காரர்கள் நாங்கள். “அப்ப நமக்கும் ஒருவகையில சொந்தம்தான்” என்றார் சித்தப்பா.

சொந்தம் கொண்டாடுவதில் நம்மை யார் மிஞ்ச முடியும்? தம்பி மகன் அதற்கும் ஒரு படி மேலே போனான்.

“பெரியப்பா, இந்த வித்தையெல்லாம் நம்ம போதிதர்மர் சொல்லிக் கொடுத்ததுதானே? காஞ்சிபுரத்துலேர்ந்து போனவர். சினிமாவுல பார்த்தேன்.”

2011-ல் ‘ஏழாம் அறிவு’ வந்தபோது தியேட்டரில் கைதட்டியவர்களில் நீங்களும் இருந்திருப்பீர்கள். நானும் தட்டினேன். ஆனால் ஆய்வாளர்கள் சொல்வதைக் கேட்டால் கை கொஞ்சம் தயங்கும். போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. அவருடைய சீடர் பரம்பரையிலிருந்து வந்த இன்னொரு பழைய குறிப்பு, தென்னிந்திய மன்னர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. இரண்டிலும் காஞ்சிபுரம் இல்லை. சண்டை வித்தையும் இல்லை. தியானம்தான் இருக்கிறது. அவரையும் ஷாலின் உடற்பயிற்சியையும் முடிச்சுப் போட்டது 1624-ல் எழுதப்பட்ட ஒரு நூல். அவருக்குப் பிறகு ஆயிரம் வருஷம் கழித்து! அந்த நூலின் முன்னுரை போலி என்று, 1930 வாக்கிலேயே டாங் ஹாவ் என்ற சீன ஆராய்ச்சியாளர் நிறுவிவிட்டார்.

இதையெல்லாம் சொன்னதும் பையனுக்கு முகம் தொங்கிவிட்டது. அவனைத் தேற்ற இன்னொரு தகவல் சொன்னேன். மிங் அரசர்கள் காலத்தில் ஷாலின் துறவிகள் பேர் வாங்கியது வெறுங்கைச் சண்டைக்காக அல்ல. கம்புக்காக. நம் சிலம்பம் மாதிரி. நாம் கற்றுக் கொடுத்தோம் என்பதற்கு அது சாட்சி ஆகாது. மனிதனும் மூங்கிலும் இருக்கும் ஊரில் கம்பு சுற்றத் தோன்றாதா என்ன?

பையனுக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கிறீர்களா? அவனைச் சிலம்பம் வகுப்பில் சேர்த்திருந்தோம். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடக்கும். எட்டு மாதமாகியும் காலடி வரிசை பிடிபடவில்லை. கம்பு அவன் முழங்காலையே தேடித் தேடி அடித்தது. கூட வந்த பொடியன்கள் சிரித்தார்கள். “நம்ம கலை” என்று மார்தட்டுகிற பையன், வகுப்புக்கு மட்டும் வயிற்றுவலி சொல்லிக்கொண்டிருந்தான்.

சித்தப்பா அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஏண்டா, குவோ ஜிங் எங்கயாவது ‘இது எங்க தாத்தா கண்டுபிடிச்சது’ன்னு சொல்லியிருக்கானா?”

பையன் யோசித்தான். இல்லை. அவன் எல்லாவற்றையும் அடுத்தவரிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறான். மங்கோலியரிடம் வில். ஏழு ஆசான்களிடம் அடிப்படை. மூச்சுப் பயிற்சி ஒரு துறவியிடம். ஹோங் சிகோங் என்ற பிச்சைக்காரர் சங்கத் தலைவர் சரியான சாப்பாட்டு ராமன். ஹுவாங் ரோங் அவருக்கு வகைவகையாகச் சமைத்துப் போட, சாப்பாட்டு ருசியில் மயங்கி ஒவ்வோர் அடியாகச் சொல்லித் தருகிறார். பெருமைப்பட அவனுக்குப் பூர்வீகம் கிடையாது. இருப்பதெல்லாம் நன்றிக்கடன்தான்.

கடைசியில் செங்கிஸ்கான், சீனத்தின் மீது படையெடுக்க அவனையே ஒரு தளபதியாக அனுப்பப் பார்க்கிறார். மாட்டேன் என்கிறான். மகன் தன்னால் தயங்கக்கூடாதென்று தாய் உயிரை விடுகிறாள். மாவீரன் யார், நிறையப் பேரை ஜெயித்தவனா, நிறையப் பேரைக் காப்பாற்றியவனா என்று செங்கிஸ்கானிடமே வாதாடுகிறான். மந்தம் என்று பெயர் வாங்கிய பையன் கேட்கிற கேள்வி அது. ஜின் யோங் அடுத்தடுத்து எழுதிய நாவல்களில் குவோ ஜிங் ஷியாங்யாங் என்ற கோட்டை நகரத்தை மங்கோலியர்களிடமிருந்து வருஷக்கணக்கில் காத்து நின்று, அதோடு சேர்ந்தே மடிகிறான். அவன் கற்பனை. ஷியாங்யாங் முற்றுகை நிஜம். 1260-களின் கடைசியில் தொடங்கி, 1273-ல் நகரம் விழுந்தது.

இந்தத் தேதிகளைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் கிட்டத்தட்ட அதே வருஷத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சீனாக்காரர்கள் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள்.

காரைக்காலிலிருந்து தெற்கே திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர், நாகூர் தாண்டினால் நாகப்பட்டினம். இருபது கிலோமீட்டர்தான். ‘பொன்னியின் செல்வ’னில் காய்ச்சலோடு அருள்மொழிவர்மன் படுத்திருந்த சூடாமணி விஹாரம் இருந்த ஊர். அங்கே ஊருக்கு வடக்கே செங்கல்லால் ஆன மூன்று நிலைக் கோபுரம் ஒன்று இருந்தது. உள்ளூரில் புதுவெளிக் கோபுரம் என்பார்களாம். ஐரோப்பியர்கள் ‘சீனாக் கோயில்’ என்றார்கள். கடலில் வரும் கப்பல்களுக்கு அடையாளம் அதுதான். வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 1349-ல் எழுதிய நூலில், இந்தக் கரையில் ஒரு செங்கல் கோபுரம் இருப்பதாகவும், அதில் சீன எழுத்தில் ‘ஷியான்சுன் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதம் பணி முடிந்தது’ என்ற பொருளில் பொறித்திருப்பதாகவும் குறித்திருக்கிறார். அந்தக் கோபுரமே இது என்பது பல ஆய்வாளர்களின் முடிவு.

ஷியான்சுன் மூன்றாம் ஆண்டு என்பது 1267. குவோ ஜிங் எந்த ராஜ்ஜியத்துக்காக உயிரை விட்டானோ, அந்த சோங் ராஜ்ஜியத்தின் கடைசிக் காலம். அங்கே கோட்டைச் சுவரில் அம்பு பறக்கத் தொடங்கும் நேரத்தில், இங்கே நம் கடற்கரையில் யாரோ சில சீன வியாபாரிகள் அந்த ராஜாவின் ஆண்டுக் கணக்கைச் செங்கல் கோபுரத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோபுரத்தைப் பார்க்கப் போகலாமா என்று பையன் கேட்டான். போக முடியாது. 1846-ல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி பார்த்தபோது கூரை இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. பிறகு பக்கத்தில் குடியேறிய பாதிரிமார்கள், பழுதாகிவிட்டதென்று சொல்லி இடிக்க அனுமதி கேட்டார்கள். 1867-ல் அனுமதி கிடைத்தது. கட்டி முடித்துச் சரியாக அறுநூறு வருஷம். அந்தப் பகுதியில் மண்ணைத் தோண்டும்போது 1856-லிருந்தே புத்தர் சிலைகள் கிடைத்துக்கொண்டிருந்தன. மொத்தம் 350-க்கும் மேல். பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, போய்ப் பாருங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சீனாவின் சுவான்ஜோ துறைமுகத்தில் 1281-ல் தமிழ் வியாபாரிகள் ஒரு சிவன் கோயில் கட்டி, தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். கோயில் போய்விட்டது. ஆனால் அந்தத் தமிழ்க் கல் சீனாவில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. கிருஷ்ணனைச் செதுக்கிய தூண்களை அங்கே ஒரு புத்தர் கோயிலில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். தந்தோம் என்று நிரூபிக்க முடியாத ஒன்றுக்கு ஊரெல்லாம் கைதட்டுகிறோம். உறவு இருந்தது என்று செங்கல்லும் எழுத்துமாகச் சொன்ன கோபுரம் இருந்ததே நம்மில் பலருக்குத் தெரியாது. அதன் வயதைக்கூட ஒரு சீனாக்காரர் எழுதி வைத்ததால்தான் தெரிந்துகொள்கிறோம். சமையலறையில் சீனி இருக்கிறது, சீனச்சட்டி இருக்கிறது. பெயரிலேயே சீனா இருந்தும், என்றைக்காவது அதைப் பற்றி யோசித்திருக்கிறோமா?

வித்தையானாலும் சரி, சரித்திரமானாலும் சரி, முதலில் கண்டுபிடித்தவனுக்குச் சொந்தமில்லை. தினமும் தூசி தட்டுகிறவனுக்குத்தான் சொந்தம். நிறையப் பேரைக் காப்பாற்றியவனா மாவீரன் என்று அந்த மந்தப் பையன் கேட்டானே, அதில் ஒரு கல்லையோ கம்பையோ காப்பாற்றியவனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் வீட்டுப் பிள்ளை டிவி முன்னால் உட்கார்ந்து, “இதெல்லாம் நம்மகிட்டேர்ந்து போனது தெரியுமா?” என்று நெஞ்சை நிமிர்த்தினால் மறுத்துப் பேசாதீர்கள். “அப்படியா கண்ணு, ரொம்ப சந்தோஷம். இன்னிக்கு எவ்வளவு நேரம் கம்பு சுத்தினே?” என்று மட்டும் கேளுங்கள்.