பாட்டியும் வருகிறார்

கோடை விடுமுறை என்றதும் மாணவியராகிய நம் உள்ளம் குளிர்ந்த மலைகளை நாடுகிறது. மேல்சித்தாமூரிலுள்ள எங்கள் வீட்டிலும் பயணத்திட்டம் உருவாயிற்று.

பனிச்சறுக்கு விளையாடக் காஷ்மீரத்தின் குல்மார்க் போகலாம் என்றான் தம்பி. அங்கும் உத்தரகண்டின் ஔலியிலும் அவ்விளையாட்டுக்கு உரிய காலம் குளிர்காலம். நமக்கோ விடுமுறை மே மாதத்தில். செலவும் மிகுதி. ஆகவே உதகை என முடிவாயிற்று.

"எனக்கு முழங்கால் வலி. நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் பாட்டி. மணிலாக் கொல்லையும் திண்டிவனம் சந்தையுமே அவர் கண்ட உலகம். அவரை விட்டுச் செல்ல எங்களுக்கு மனம் வரவில்லை, திட்டத்தையே மாற்றினோம்.

படியேறாதபடி கீழ்த்தளத்தில் அறை வேண்டுமென அப்பா முன்னரே பதிவு செய்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயில். 1908-இல் உதகையை எட்டிய அந்த இருப்புப்பாதை, 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. 46 கிலோமீட்டர் தொலைவையும் 16 சுரங்கங்களையும் பாட்டி அமர்ந்தபடியே கடக்கலாம்.

மூட்டையில் முதலில் வைத்தவை அவருடைய மருந்து, கம்பளி, வெந்நீர்க் குடுவை. எங்கள் துணிகளைக் குறைத்தோம். பாட்டி மறுபேச்சின்றித் தம் டிரங்குப் பெட்டியைத் துடைக்கலானார்.

தோழியரே! எங்கே போகிறோம் என்பதற்கு முன், யாரெல்லாம் வர முடியும் என்று எண்ணுவோம். அதுவே நல்ல பயணத்தின் முதற்படி.

— பத்தாம் வகுப்பு மாணவி