எரிகிறது, எரிகிறதாம்

தமிழில் ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு ஓர் ஈற்றளவே. ஆயினும் முன்னதைச் சொல்பவர் செய்திக்குத் தாமே பொறுப்பேற்கிறார். பின்னதைச் சொல்பவர் அது பிறர் வாய்ச்சொல் என்று உணர்த்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். ஒரு செய்தி பேசுபவருக்கு எவ்வழியில் கிடைத்தது என்பதை மொழியின் உறுப்புகளாலேயே காட்டும் இப்பண்பை மொழியியலார் சான்றுநிலை என்பர். நேபாளியில் இதற்கு ‘ரே’ உண்டு. மராத்தியில் ‘ம்ஹணே’ உண்டு. இந்தி ‘சுனா ஹை’ என்று தனித்தொடர் அமைத்து இத்தேவையை நிறைவேற்றிக்கொள்கிறது. மனிதர் பேசும் மொழி ஏதேனும் ஒரு வழியில் இதைச் சொல்லிவிடும். விளக்குக்குத்தான் அந்த வசதி இல்லை. அது எரியும், அல்லது எரியாது. ‘எரிகிறதாம்’ என்று சொல்ல அதனால் இயலாது.

இக்குறை முழு வடிவில் வெளிப்படும் இடம் தொலைக்காட்சி நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை. செய்தித் தொலைக்காட்சிகள் செறிந்திருக்கும் நொய்டா பிலிம் சிட்டியில் இத்தகைய அறைகள் பல. அங்குள்ள கட்டுப்பாட்டுப் பலகையில் பொத்தான்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் மீதும் சில எழுத்துகளே கொள்ளும் ஒரு பெயர். ஒன்றை அழுத்தினால் அதற்குரிய படம் ஒளிபரப்புக்குச் செல்லும். பொத்தான் நிறம் மாறும். அது கேமராவாயின் அதன் மேல் ‘டாலி’ எனப்படும் சிவப்பு விளக்கு எரியும். வாசிப்பாளர் அச்சிவப்பை நம்பியே நிமிர்ந்து பேசத் தொடங்குகிறார். அது அணைந்துவிட்டதை நம்பியே தொண்டையைச் செருமுகிறார். அருகிலிருப்பவரிடம் மனத்தில் பட்டதைச் சொல்கிறார்.

முன்பெல்லாம் டாலி விளக்குக்கு சுவிட்சரின் ரிலேயிலிருந்து நேரே கம்பி சென்றது. படத்தை மாற்றிய கருவியே விளக்கையும் ஏற்றியது. ஏறத்தாழ நேரில் கண்டவர் கூற்று அது. இன்று பொத்தானுக்கும் கருவிக்கும் இடையே சர்வர்கள் இருக்கின்றன. விரலின் அழுத்தம் வலையமைப்பு வழியே சர்வருக்குச் செல்கிறது. சர்வர் அதைக் கருவிக்குப் புரியும் நெறிமுறையில் மொழிபெயர்த்து அனுப்புகிறது. கருவியின் மறுமொழி அதே வழியில் திரும்புகிறது. விளக்கு சொல்வது வாய் மாறி வந்த செய்தி. ஆனால் சொல்லும் தொனி இன்றும் நேரில் கண்டவருடையதே.

அத்தகைய அறை ஒன்றில், இரவுச் செய்தியின் நடுவே, வேறு நகரத்திலிருந்த விருந்தினரின் படத்துக்கு மாற வேண்டியிருந்தது. ஒப்பந்த ஊழியரான ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினார். அது உடனே பச்சையானது. படம் மாறவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு வாசிப்பாளர் தம் முகமே திரையில் நிற்கக் காத்திருந்தார். இறுதியில் ரவுட்டரின் சொந்தப் பலகைக்கு ஓடிச்சென்று ஒருவர் படத்தை மாற்றினார். ஆபரேட்டர் தூங்கிவிட்டார் என்பதே அன்றைய முதல் தீர்ப்பு.

சர்வர்களைப் பராமரிக்கும் பொறியாளர் காலிம்போங்கிலிருந்து வந்தவர், நேபாளி பேசுபவர். குறிப்பேடுகளைப் பிரித்துப் பார்த்தபோது அவருக்கு இரண்டு செய்திகள் கிடைத்தன. நெடுநேரம் பேச்சின்றிக் கிடந்த இணைப்பை இடையிலிருந்த ஃபயர்வால் தன் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது. அதை இரு முனைகளுக்கும் தெரிவிக்கவில்லை. பலகையின் மென்பொருளோ, கருவியின் மறுமொழிக்குக் காத்திராமல், அழுத்திய கணமே பொத்தானைப் பச்சையாக்கும்படி எழுதப்பட்டிருந்தது. ஏவலை இறந்தகால வினைமுற்றாக அது வாசித்துவிட்டது.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஐபி வழி இயங்கும் நிலையங்களில் கருவிகளை ஒருங்கிணைக்கும் பிடிபி கடிகாரம் பன்னாட்டு அணுநேரத்தைப் பின்பற்றுவது. அது 2017 முதல் உலகப் பொதுநேரத்தைவிட 37 நொடிகள் முந்தி நிற்கிறது. அந்த ரவுட்டரின் குறிப்பேடு இத்திருத்தத்தைச் செய்துகொள்ளாமல் நேரத்தை எழுதிவந்தது. இரு குறிப்பேடுகளையும் அப்படியே அருகருகே வைத்துப் பார்த்தால், கைகட்டி நின்ற நேரத்தில் அரை நிமிடத்துக்கும் மேல் ஆபரேட்டரின் கணக்கில் கூடுதலாக ஏறும். சர்வர்களின் கடிகாரங்களைச் சரிபார்ப்பது சலிப்பூட்டும் வேலை. ஒருவருடைய அடுத்த மாதச் சம்பளம் அதில் தொங்கும் என்பது அப்போதுதான் அவ்வறையில் பலருக்குப் புரிந்தது.

டிசிபி இணைப்பு மௌனத்தையும் மரணத்தையும் தானாக வேறுபடுத்தி அறியாது. மௌனத்தை உசாவும் வசதியை இயக்கினாலும், லினக்ஸின் இயல்பமைப்பு முதல் உசாவலுக்கு முன் 7,200 நொடிகள் காத்திருக்கும். அதற்குள் நான்கு அரைமணிச் செய்திகள் முடிந்துவிடும். இந்தியத் தொலைக்காட்சியில் ஒரு சட்டகத்தின் ஆயுள் 40 மில்லிநொடி என்பதை இதனோடு ஒப்பிடலாம். ஒளிபரப்புத் துறையின் என்மாஸ் நெறிமுறைகள் இதை உணர்ந்தே அமைந்தவை. கருவி 5 நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று பதிவேட்டுக்குச் சொல்லும். 12 நொடி சொல்லாவிட்டால் அதன் பெயர் நீக்கப்படும். இணைப்புகளுக்கான நெறிமுறை, கேட்கப்பட்டதையும் நடப்பில் உள்ளதையும் வெவ்வேறு முகவரிகளில் வைக்கிறது. இரண்டையும் ஒரே நிறத்தில் காட்டுவது பலகை எழுதுபவரின் தேர்வு.

பொறியாளர் பலகையைத் திருத்தினார். கருவி உறுதிசெய்தால் மட்டுமே பச்சை. சில நொடிகள் செய்தி வராவிட்டால் பொத்தான் சாம்பல் நிறமாகும். அந்நிலைக்கு அவர் மென்பொருளில் இட்ட பெயர் ‘ரே’. ஆபரேட்டர்கள் மகிழவில்லை. பலகை மந்தமாகிவிட்டது என்றனர். சாம்பல் நிறம் பதற்றம் தருகிறது என்றனர். அக்குறையில் நியாயம் இருந்தது: விரலுக்கும் ஒரு மறுமொழி வேண்டும். எனவே அழுத்தியதும் பொத்தான் சிமிட்டும், உறுதியானதும் நிலைக்கும் என்று ஆயிற்று. கேட்டேன் என்பது ஒன்று, முடிந்தது என்பது வேறொன்று.

பராமரிப்பு என்பது பழுதானதைச் சரிசெய்வது என்றே பொதுவாக எண்ணுகிறோம். இவ்வறைகளில் அது பெரும்பாலும் ஒவ்வொரு கூற்றையும் ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்பதாக இருக்கிறது. மீள இயங்கும் சர்வர் தன் நினைவிலுள்ள பழைய நிலையைக் கருவிகள் மீது திணிக்கலாகாது. முதலில் கருவிகளிடம் கேட்க வேண்டும். முதன்மைச் சர்வரின் குரல் கேட்கவில்லை என்பதற்காக அது இறந்துவிட்டதென்று மாற்றுச் சர்வர் முடிவு செய்தால், ஒரே கருவிக்கு இரு தலைவர்கள் வாய்ப்பர். வாக்கு எண்ணிக்கை நாளுக்கு முன் எந்தச் சர்வரிலும் கைவைப்பதில்லை என்னும் வழக்கமும், அறிந்ததாக நினைப்பதன் மீதுள்ள அச்சத்தின் விளைவே.

அந்த ஆபரேட்டரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. சாம்பல் நிறப் பொத்தானைக் கண்டால் அவர் இப்போது தலைநிமிர்ந்து திரையைப் பார்க்கிறார். அந்நிறத்தின் பயனும் அதுவே.