லட்டுவின் பதிவேடு

எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மூன்று படிகள். போன வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை, லட்டு இரண்டாவது படியில் முன்னங்கால்களை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். பின்பக்கம் மேலே வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். எனக்கு 74 வயது, அவளுக்கு 7. இரண்டு பேராலும் முடியவில்லை. ரொட்டி கொண்டுவரும் பையன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து தூக்கிவிட்டான். "ஒண்ணரை சிப்பம் அரிசி இருக்கும் போல தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பையன் கணக்கு சரிதான். அன்று மாலை கால்நடை மருத்துவரின் தராசில் ஏற்றினோம். 43 கிலோ. லட்டு லாப்ரடார் இனம். பெண் லாப்ரடார் 25 கிலோவிலிருந்து 32 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

லட்டு எங்களிடம் வந்தது தற்செயல்தான். மகன் குடும்பத்தோடு வெளிநாட்டு வேலைக்குப் போனபோது அழைத்துப்போக முடியவில்லை. இரண்டு வயது நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். பெயர் பேத்தி வைத்தது. என் மனைவிக்கு நாய் என்றாலே ஆகாது. நான்கு நாள் பின்கட்டில் கட்டிவைத்திருந்தாள். ஐந்தாம் நாள் காலையில் நான் எழுந்து பார்த்தபோது நாய் அடுப்படி வாசலில் படுத்திருக்கிறது, இவள் அதனிடம் மாமியார் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிறகு மூன்று வருஷம் இருவரும் அப்படித்தான் இருந்தார்கள். என் மனைவி காலமாகி இப்போது மூன்றாவது வருஷம் நடக்கிறது.

தராசைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது பள்ளிக்கூடம். நான் படித்தது பிரெஞ்சு மீடியத்தில். லா ஃபோந்தேனின் ஓநாயும் நாயும் கதையை எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும், ஓரிடத்தில் திக்கினாலும் முட்டி பெயர்ந்துவிடும். எலும்பும் தோலுமான ஓநாய், கொழுகொழுவென்று இருக்கும் வீட்டு நாயைப் பார்த்து ஆசைப்படுகிறது. பின்னாலேயே போகிறது. நாயின் கழுத்தில் முடி உதிர்ந்த வடுவைப் பார்த்ததும், கட்டிப்போடுவார்களாமே என்று கேட்டுவிட்டு ஓடிவிடுகிறது. வாத்தியார் அந்தக் கழுத்து வடுவைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுவார். அந்த நாய் ஏன் அவ்வளவு கொழுத்துப் போயிருந்தது என்று வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை.

டாக்டர் கேட்டார். என் பேத்தி வயதில் பாதிகூடக் கூட இருக்காது என்று தோன்றும்படி ஒரு சின்னப் பெண். "என்ன சார் கொடுக்கறீங்க?"

"காலைல ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. நீங்க சொன்ன அளவுதான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. எப்பவாவது ஒரு பிஸ்கட்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. "ஒரு வாரம் எழுதிட்டு வாங்க சார். வாய்க்குள்ள போறது எல்லாத்தையும்" என்றார்.

36 வருஷம் அரசாங்க அலுவலகத்தில் ரெஜிஸ்டர் எழுதியவனிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? பழைய நீள நோட்டு ஒன்றை எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தேதி, நேரம், பொருள், அளவு, காரணம். கடைசிக் காலத்தை டாக்டர் கேட்கவில்லை. கைப்பழக்கம். காரணம் இல்லாத செலவைத் தணிக்கையில் விடமாட்டார்கள்.

முதல் நாள் பதிவை அப்படியே தருகிறேன். காலை 5.45, காபியோடு மாரி பிஸ்கட் 3. ரொட்டி வந்ததும் பிரெஞ்சு ரொட்டியின் முனை ஒன்று. (முனைதான் ருசி. சின்ன வயதில் அதற்காக அண்ணன் தம்பிகளுக்குள் அடிதடியே நடக்கும்.) என் தட்டிலிருந்து பாதி இட்லி. எதிர்வீட்டு அம்மா கொடுத்த பொறை 2. மதியம் கைப்பிடி தயிர்சாதம். அப்புறம் 2 மணியிலிருந்து 4 மணிக்குள் நான்கு தடவை, தடவைக்கு 2 பிஸ்கட். மாலையில் 3. இரவு பாலில் நனைத்து 3. பிஸ்கட் மட்டும் 17. இதற்கு மேலேதான் அவளுடைய இரண்டு வேளைச் சாப்பாடு.

எனக்கே திக்கென்றது. "எப்பவாவது ஒன்று" என்று டாக்டரிடம் நான் பொய் சொல்லவில்லை. மனதார அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் இன்னொன்று கண்ணில் பட்டது. காலை, மாலைப் பதிவுகளில் காரணம் என்ற இடத்தில் 'கேட்டாள்' என்று எழுதியிருந்தேன். அது உண்மை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எச்சில் ஒழுக, முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டுதான் வாங்குவாள். மத்தியானத்திலும் அதே கையோடு 'கேட்டாள்' என்று எழுதிவிட்டுப் பார்த்தால், லட்டு நாற்காலிக்கடியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். நான்தான் பெயர் சொல்லி எழுப்பியிருக்கிறேன். கண் திறந்து வாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டுவாள், பிஸ்கட்டைக் கொடுப்பேன், மறுபடி தூங்குவாள். அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே ஊர்க்கதை பேசுவாள். நான் பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டு கேட்பேன்.

எழுதியதை அடித்துச் சுருக்கொப்பம் போட்டேன். அதற்கப்புறம் வந்த மத்தியானங்களில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டேன்.

டாக்டர் நோட்டைப் பொறுமையாகப் படித்தார். ஒரு மாரி பிஸ்கட் சுமார் 25 கலோரி என்றார். 17 பிஸ்கட் 425 கலோரி. சரியான எடையில் இருக்கும் லட்டுவுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தீனிப் பண்டம் எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாதாம்.

எனக்கு ஆறுதலாக ஒரு செய்தியும் சொன்னார். லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு பி.ஓ.எம்.சி. என்ற ஜீனில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது என்று கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட நாய்க்கு 'போதும்' என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போகாது. சாப்பிட்ட பிறகும் பசிப் பார்வை பார்க்கும். "அப்ப அதுதான் காரணம்" என்றேன், கீழேயிருந்து வந்த குறிப்பின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்த பழைய குமாஸ்தா சந்தோஷத்தோடு.

"ஜீன் பிஸ்கட் டப்பாவத் திறக்காது சார்" என்றார் டாக்டர்.

பிறகு கடைசிக் காலத்தில் விரலை வைத்தார். "மத்தியானத்துக்கு மட்டும் காரணம் எழுதலையே?"

"தூங்கிட்டிருந்தா டாக்டர். நான்தான் எழுப்பினேன்."

அவர் நோட்டை மூடிவிட்டு லட்டுவின் விலாவைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "மத்தியானத்த நிறுத்த வேண்டாம் சார். பொருள மட்டும் மாத்துங்க" என்றார்.

அந்த விலா பார்க்கும் முறையை எனக்கும் சொல்லிக்கொடுத்தார். நாய் வளர்ப்பவர்கள் யாரும் வீட்டிலேயே செய்யலாம். உங்கள் புறங்கையில் விரல் எலும்புகள் மேல் தடவிப் பாருங்கள், மெல்லிய தோலுக்கடியில் எலும்பு தட்டுப்படும். நாயின் விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கைச் சதையைத் தொட்டதுபோல் இருந்தால் எடை கூடிவிட்டது. லட்டுவின் விலாவை அன்று நான் கண்டுபிடிக்கவே இல்லை.

பிஸ்கட்டுக்குப் பதில் கேரட், வெள்ளரிக்காய், உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ். முதல் நாள் கேரட்டை வாயில் வாங்கித் தரையில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். சம்பளம் பிடித்தம் செய்தபோது நாங்கள் மேலதிகாரியைப் பார்த்த பார்வை. மூன்றாம் நாள் தின்றாள். சாப்பாட்டைக் கண்ணளவில் போடுவதை விட்டுவிட்டுச் சமையல் தராசில் நிறுத்துப் போட்டேன். வேகமாக இளைக்கவைக்கக் கூடாது, வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பங்குதான் குறைய வேண்டும் என்பது கண்டிப்பு.

பெரிய தகராறு எதிர்வீட்டில்தான். "வாயில்லா ஜீவனப் பட்டினி போடறீங்களே அண்ணே, இவங்க இருந்தா விட்டிருப்பாங்களா?" என்று அந்த அம்மா தெருவில் நின்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, லட்டுவின் அன்றைய உணவிலிருந்தே ஒரு கைப்பிடியை எடுத்து டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்தேன், நீங்களே கொடுங்கள் என்று. பொறை நின்றது. அந்த டப்பா இன்றும் தினமும் எதிர்வீட்டுக்குப் போய் வருகிறது.

நம் வயதுக்காரர்கள் வீட்டில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. திராட்சை, பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சை இரண்டும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே சாம்பார் சாதம் வேண்டாம். சாக்லேட் கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் மிகவும் ஆபத்து. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். நாம் கை தவறிக் கீழே போடும் மூட்டுவலி மாத்திரையையும் மறக்காமல் தேடி எடுங்கள், அது தின்பண்டமா மருந்தா என்று நாய் பார்க்காது.

நடையும் கூடவே ஆரம்பித்தது. லாப்ரடாரின் பூர்வீகம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு. அங்கே மீனவர்களுக்குக் குளிர்ந்த கடலில் வலை இழுக்கவும் நழுவிய மீனைப் பிடித்துவரவும் உதவிய நாய்களின் வம்சம். அந்தத் தீவுக்குப் பக்கத்தில் பிரான்சுக்குச் சொந்தமாக சேன்-பியேர்-எ-மிக்லோன் என்று இரண்டு பொட்டுத் தீவுகள் உண்டு, எங்கள் பூகோள வகுப்பில் வரைபடத்தில் தொட்டுக் காட்டச் சொல்வார்கள். அந்தக் குளிருக்கு ஏற்ற இரட்டை ரோமத்தோடு பிறந்த பிராணி புதுச்சேரி மே மாதத்தில் என்ன செய்யும்? நாய்க்கு வியர்வை பாதத்தில் கொஞ்சம்தான், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். கொழுத்த நாய்க்கு அதுவும் சிரமம். அதனால் 5.30-க்கே கடற்கரைச் சாலைக்குக் கிளம்பிவிடுவோம். காலையில் அங்கே வண்டி விடமாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் வசதி. மாலையில் போவதானால் தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஐந்தாறு விநாடி தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்வேன். முதல் மாதம் காந்தி சிலை வரைக்கும்கூட எட்டவில்லை. பாதியில் உட்கார்ந்துவிடுவாள், எனக்கும் உட்கார ஒரு சாக்கு.

என்னை அங்கே பார்ப்பவர்கள் என்ன நாய் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். பனிப்பிரதேசத்து ஹஸ்கியை வாங்கி ஏசி அறையில் பூட்டிவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நம் ராஜபாளையத்துக்கு 2005-இல் தபால்தலையே வெளியிட்டார்கள். அதுவும் சிப்பிப்பாறையும் அருமையான இனங்கள், ஆனால் ஓட இடம் வேண்டும், கூடவே ஓட ஆளும் வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் தெருவிலேயே வளர்ந்து நிற்கும் ஒரு சாதுவான நாட்டு நாய். தடுப்பூசி போட்டு, பூச்சி மருந்து கொடுத்து, உண்ணி பார்த்து வைத்துக்கொண்டால் போதும். உண்ணி என்றதும் நினைவு வருகிறது, மழைக்குப் பிறகு காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் பாருங்கள், மேலுக்குத் தெரியாது.

விளையாட்டுப் பொருளுக்குக் காசு கொட்ட வேண்டாம் என்பதும் என் அனுபவம். கடையில் வாங்கிய கீச்சுச் சத்தம் போடும் பொம்மையை லட்டு ஒரே நாளில் கிழித்துப் போட்டாள், உள்ளிருந்த பிளாஸ்டிக்கை வாயிலிருந்து பிடுங்க வேண்டியதாயிற்று. இப்போது பழைய துண்டு ஒன்றுதான். அவளுடைய உணவில் கொஞ்சத்தை அதில் தூவிச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிடுவேன். மூக்கால் நெம்பி, காலால் மிதித்து, ஒவ்வொன்றாக எடுக்க அரை மணி ஆகும். முடிந்ததும் ஈரத் துண்டைக் கொண்டுவந்து என் மடியில் போடுவாள். மத்தியானம் 2 மணிக்கு மேல் எங்கள் வீட்டில் நடக்கும் காரியம் இதுதான்.

பத்து மாதம் ஆயிற்று. போன ஜனவரியில் 33 கிலோ. இன்னும் ஒன்றிரண்டு குறையலாம் என்கிறார் டாக்டர். மூன்று படியையும் இரண்டே தாவலில் ஏறுகிறாள், ரொட்டிக்காரப் பையன் கைதட்டினான். வீடியோவில் பார்த்த பேத்தி, "தாத்தா, லட்டு உதிர்ந்து பூந்தி ஆயிட்டா" என்றாள்.

நோட்டை இன்னும் எழுதிவருகிறேன், இது இரண்டாவது நோட்டு. மாதம் ஒரு தடவை டாக்டர் வாங்கிப் பார்க்கிறார். மத்தியானப் பதிவுகளில் காரணம் என்ற இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அவரும் கேட்பதில்லை.