ஆச்சியின் கண்



போன வருஷம் எங்க தாத்தா இறந்தப்போ மாலை போட்டு வைக்க வீட்டில் ஒரு நல்ல போட்டோ இல்லை. ஒரு கல்யாண குரூப் போட்டோவில் பின்வரிசையில் நின்ற தாத்தாவை வெட்டி, ஸ்டுடியோவில் பெரிசாக்கித் தந்தாங்க. மீசை தெரிகிறது, கண் மட்டும் ஒரே மங்கல். "என்னைப் பாக்கவே மாட்டேங்காவளே" என்று ஆச்சி சொன்னது எனக்குத் தாங்கவில்லை. ஆச்சியையாவது ஒழுங்கா எடுத்து வைக்கணும் என்று மாமாவின் போனை வாங்கினேன். (எதுக்கு என்று ஆச்சியிடம் சொல்லவில்லை.)

முதலில் மத்தியானம் 12 மணிக்கு முற்றத்தில் நிறுத்தி எடுத்தேன். வெயில் உச்சந்தலைக்கு நேரே விழுந்ததால் கண்குழி இரண்டும் கறுப்பு. ராத்திரி ஃபிளாஷ் போட்டேன். கண்ணாடியில் இரண்டு வெள்ளைப் பொட்டு, முகம் தோசை மாதிரி தட்டை. "ஏல, நான் இவ்வளவு கோரமாவா இருக்கேன்?" என்றாங்க.

எங்க ஓவிய ஆசிரியரிடம் காட்டினேன். ஜூலியா மார்கரெட் கேமரான் என்ற அம்மையார் 1863-ல், 48 வயசில் கேமராவைத் தொட்டு, வேண்டுமென்றே மங்கலாக எடுத்தே பேர் வாங்கினாராம். 1879-ல் இலங்கையில் காலமானாராம். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனா எங்க வீட்டில் மங்கல் படம் ஏற்கெனவே ஒன்று இருக்கே! "ஜன்னல் பக்கம் உட்கார வைடா" என்றார் ஐயா.

மறுநாள் காலை நேர் வெயில் விழாத ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஆச்சியை உட்கார வைத்தேன். முகத்தில் ஒரு பாதி வெளிச்சம், மறு பாதி இருட்டு. வெள்ளைத் துணி பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழும் என்று ஐயா சொல்லியிருந்தார். தம்பி பீரோவிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து வந்து இருட்டுப் பக்கம் விரித்துப் பிடித்தான். முகம் பளிச்சென்று ஆனது. எடுத்துப் பார்த்தால், போன் பின்சுவர்க் காலண்டரைப் பிடித்திருக்கிறது! தேதியெல்லாம் படிக்கலாம், ஆச்சிதான் மங்கல். அப்புறம்தான் திரையில் கண் இருக்கும் இடத்தை விரலால் தொட்டு, முழங்கையை மேஜையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து நின்றேன்.

"ஏல, அது தாத்தா வேட்டில்லா?" என்று ஆச்சி லேசாகச் சிரிச்சாங்க. அப்போ அமுக்கினேன். கண்ணுக்குள் ஜன்னல் சின்னதாகத் தெரிகிறது.

பிரிண்ட் போட்டுக் கொடுத்ததும் ஆச்சி ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இதத் தாத்தா படத்துக்கு எதிர்ச் சுவத்துல மாட்டு" என்றாங்க. ஆணி அடிக்க மாமா ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்