யானை பார்க்கப் போன இடத்தில் ஆற்றைப் பார்த்தார்கள்!

திருத்தணி மலையில் 365 படி ஏறி நின்றால், ஆந்திர எல்லைக் குன்றுகள் வரை தெரியும். கீழே நந்தியாறும் தெரியும். ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாக. அதன் கரையில் கரும்பும் வேர்க்கடலையும் போடும் விவசாயிகள் சிலர், வெட்டு முடிந்த பங்குனியில் தேக்கடிக்குக் கிளம்பினார்கள். படகில் போய் யானை பார்ப்பதுதான் திட்டம்.

மதுரை வரை ரயில். பிறகு தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்குப் பேருந்து. கம்பம் பள்ளத்தாக்கில் நுழைந்ததுமே பேச்சு மாறிவிட்டது. சாலையோரம் இரண்டாம் போக நெல், திராட்சைப் பந்தல், தென்னை. "பங்குனியில இப்படி ஒரு பச்சையா!" என்றார் மூத்தவர். இங்கே 14,707 ஏக்கர் இருபோக நிலம். அதற்கான விடை லோயர் கேம்ப்பில், மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களில் இருந்தது. மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர் பென்னிகுவிக். 1887-ல் தொடங்கிய வேலை 1895-ல் முடிந்தது. தேனி முதல் ராமநாதபுரம் வரை 5 மாவட்டங்களுக்கு அந்தத் தண்ணீர்தான் போகிறது.

மறுநாள் காலை 7.30 மணிப் படகு. ஏறியதும் லைஃப் ஜாக்கெட் கட்டச் சொன்னார்கள். சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். நீருக்குள் பட்ட மரங்கள் கருப்பாக நிற்கின்றன; அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம். அவற்றின் மேல் நீர்க்காகங்கள் இறக்கை விரித்து வெயில் காய்கின்றன. கரையில் காட்டெருமைக் கூட்டம். ஒரு வளைவு திரும்பியதும், குட்டியோடு நான்கு யானைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

எல்லோரும் ஒரே பக்கம் எழுந்தார்கள். "அண்ணா, எழுந்திருக்காதீங்க, உட்காருங்க!" என்று படகு ஊழியர் கத்தினார். காரணம் இருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

புலி கண்ணில் படுவது அபூர்வம். மார்ச் முதல் மே வரை காட்டுக்குள் தண்ணீர் குறைவதால் விலங்குகள் ஏரிக்கு வரும். மழைக்காலத்தில் அதிகம் தென்படாது. காலை முதல் படகும் மாலை 3.30 மணிப் படகும் நல்லவை. இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு அவசியம்.

படகு திரும்பும்போது மூத்தவர் யானையைப் பற்றிப் பேசவில்லை. கோடையிலும் காட்டிலிருந்து ஏரிக்குள் சலசலத்து இறங்கிய ஒரு சிற்றோடையைக் காட்டினார். பெய்த மழையை இலைச்சருகும் வேரும் மண்ணும் உறிஞ்சி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன.

"இங்க மழை ஜாஸ்தி மாமா. நம்ம ஊரோட சேர்க்க முடியுமா?" என்றார் இளையவர்.

"சேர்க்க வேணாம்ப்பா. நமக்குப் பெய்யுற மழையையாவது நம்ம குன்னு பிடிச்சு வைக்குதா? கோடை வந்தா புல்லுல தீ வெச்சிடுறோம். அப்புறம் ஆத்துல மணல்தானே ஓடும்?"

இளையவரிடம் பதில் இல்லை. ஊர் திரும்பிய வாரம், இந்தக் கோடையில் குன்றுப் பக்கம் யாரும் தீ வைக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முதலில் பேசியவர் அவர்தான்.