பதினெட்டு வளைவும் பாடுமீன் வாவியும்

மட்டுநகர் வாவியைப் பற்றி எழுதப் புகுந்தோர் எவரும் பாடும் மீன்களை மறந்ததில்லை. நாமும் ஒரு முழுநிலா இரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியில் அமர்ந்து, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறுநுனியிற் காதை வைத்துக் கேட்டதுண்டு. கேட்டது மீனின் இசையோ எமது ஆசையின் எதிரொலியோ என்பதை இன்றுவரை துணிந்து கூற இயலவில்லை. ஆயின் இன்று நாம் எழுத எடுத்துக்கொண்டது வேறோர் ஓசை. அது எம் காரின் முன்சில்லுகளிலிருந்து எழுந்தது. அதில் ஐயத்துக்கே இடமில்லை.

எம்மிடம் உள்ளது சுசுக்கி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் என்னும் சிறு கார். யப்பானில் ஓடிக் களைத்தபின் இங்கு வந்து சேர்ந்தது. குடும்ப வண்டியின் சிறிய உடலுக்குள் சற்று வலிய இயந்திரத்தைப் பொருத்திய இனம் இது. 1976 இல் ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் நிறுவனத்தார் கோல்ஃப் ஜி.ரி.ஐ. என்ற வண்டியை வெளியிட்ட பின்னர் இவ்வினம் உலகெங்கும் பெருகிற்று. கல்லூரி ஆசிரியருக்கு இது எதற்கு என்று நண்பர்கள் கேட்பர். மலிவாகக் கிடைத்தது என்பதே எம் விடை. மலிவு என்னும் சொல்லுக்கு ஓடுவதில் ஒரு பொருளும் நிற்பதில் வேறொரு பொருளும் உண்டு என்பதைச் சென்ற ஆண்டுச் சித்திரை விடுமுறையில் அறிந்தோம்.

கண்டியிலிருந்து மட்டக்களப்புக்கு மகியங்கனை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். மலைநாட்டிலிருந்து சமவெளிக்கு இறங்கும் அப்பாதையில் 'பதினெட்டு வளைவு' என்று பெயர் பெற்ற இடம் உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே மகாவலிச் சமவெளி விரிந்து கிடக்கும். அவ்வழகைப் பார்த்தபடியே வளைவுக்கு வளைவு பிறேக்கை மிதித்து மிதித்து இறங்கினோம். பாதி வழியில் பின்னிருக்கையிலிருந்து மாமியார், "என்ன மருமகன், தீஞ்ச மணம் மணக்குது?" என்றார். அடுத்த வளைவிலே மிதியை அழுத்தினோம். அது பஞ்சு போல் உள்ளே சென்றது. மீண்டும் மீண்டும் குத்தி மிதித்து, கியரை இரண்டுக்கும் பின் ஒன்றுக்கும் இறக்கி, கைப்பிறேக்கையும் மெல்ல இழுத்து, மண்மேடு ஒன்றின் ஓரமாக வண்டியை நிறுத்தியபோது எம் சட்டை முழுதும் நனைந்திருந்தது. பிள்ளைகள் பேசவில்லை. வழிப்போக்கர் ஒருவர் அன்போடு வாளி நீர் கொணர்ந்தார். கொதிக்கும் இரும்பில் நீரை ஊற்றினால் தட்டு நெளியும், வெடிக்கவும் கூடும் என்று கூறித் தடுத்தோம். ஒரு மணி நேரம் அங்கேயே காத்திருந்தோம்.

ஊர் வந்து சேர்ந்ததும் எம் மனத்தில் எழுந்த எண்ணம் பெரிய பிறேக் ஒன்று வாங்கவேண்டும் என்பதே. கொழும்பு பஞ்சிகாவத்தையில், வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன அத்தெருவிலே, பெரிய தட்டும் நான்கு பிஸ்ரன் கலிப்பரும் சேர்ந்த தொகுதி ஒன்றுக்கு விலை கேட்டோம். எமது மூன்று மாதச் சம்பளத்தைக் கேட்டார்கள். அன்றிரவு கடதாசியும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட அமர்ந்தோம்.

பிறேக்கின் தொழில் வேகத்தை வெப்பமாக்குவது, அவ்வளவே. குடும்பத்தோடும் பொதிகளோடும் சேர்ந்து எம் வண்டி 1,300 கிலோ என்று கொள்வோம். அது 100 மீற்றர் உயரம் இறங்கும்போது, இயந்திரத்தின் உதவியின்றிப் பிறேக்கே முழுதும் தாங்கினால், பிறக்கும் வெப்பம் நான்கு லீற்றருக்கும் மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நூறு நூறு மீற்றராக இறங்குகையில் அத்தனை பானைகளும் அந்தச் சின்னஞ்சிறு தட்டுகளின் மேல் ஏறுகின்றன. மிதி பஞ்சானதன் காரணமும் இதுவே. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்ற வகை புதிதாயின் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திற்றான் கொதிக்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அவ்வெல்லை 140 பாகைக்கு வந்துவிடும். டொட் 4 வகைக்கு இவை முறையே 230, 155, டொட் 5.1 வகைக்கு 260, 180. ஒயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். ஒயில் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆகவே நாம் மிதித்த மிதியெல்லாம் குமிழியை நசுக்கவே செலவாயிற்று. வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் எமது ஊரின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? எமது வண்டியின் ஒயிலோ ஐந்து ஆண்டுகளாக மாற்றப்படாதது. மாற்றத் தேவையில்லை என்று ஒரு கராஜில் சொன்னார்கள், நாமும் நம்பினோம்.

இப்போது நாம் நாடியது எமது பழைய மாணாக்கர் ஒருவரின் கராஜை. வகுப்பில் பௌதிகம் வராது என்று நாம் கைவிட்டவர். சில்லைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சேர், பெரிய டிஸ்க் எதுக்கு? இருக்கிறதே வேலை செய்யல்ல" என்றார். கலிப்பர் வழுக்கிச் செல்லவேண்டிய ஊசிகள் இரண்டில் ஒன்று துருவேறி இறுகிப்போயிருந்தது. அதனால் ஒரு பக்கத்துப் பாட் தேய்ந்து தகடாகவும், மறுபக்கத்துப் பாட் புதிதுபோலவும் இருந்தன. உப்புக்காற்றின் கைவரிசை! ஊசிகளைச் சுத்தஞ்செய்து சிலிக்கோன் கிறீஸ் பூசினார். சாதாரண கிறீஸ் அங்குள்ள இறப்பரை ஊதச்செய்யும் என்பதையும் அவரே எமக்குக் கற்பித்தார்.

பின்பு பட்டியல் போட்டோம். ஒயில் டொட் 4. பிரதான சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சில்லிலிருந்து தொடங்கிப் பழையதை முழுதும் வெளியேற்றினார். தேயிலைச் சாயம்போல் வந்தது. வெடிப்புக் கண்ட இறப்பர்க் குழாய்கள் இரண்டு மாற்றப்பட்டன. முன் பாட்டுகள் புதியன. பாட்டின் முதுகில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருக்கும். முதலாவது குளிர்ந்த நிலையிலும் இரண்டாவது சூடேறிய நிலையிலும் உள்ள பிடிமானத்தைக் குறிப்பது. 'இ' என்பதிலும் 'எஃப்' உயர்வு. அதனினும் 'ஜி' உயர்வு. நாம் இரண்டும் 'எஃப்' ஆன சோடியைத் தெரிந்தோம். பந்தயத்துக்குரிய பாட்டுகள் சூடேறினாற்றான் நன்கு பிடிக்கும். சந்தைக்குப் போகும் வண்டிக்கு அவை உதவா. தட்டுகளின் தடிப்பு இன்னும் எல்லைக்குள் இருந்தமையால் அவற்றை மாற்றவில்லை. மொத்தச் செலவு கொழும்பில் கேட்ட விலையின் பத்திலொரு பங்கையும் எட்டவில்லை. மீந்த பணத்தில் நான்கு நல்ல ரயர்கள் வாங்கினோம். சில்லை இறுக்கிப் பிடிக்கும் வலிமை எந்த நல்ல பிறேக்குக்கும் உண்டு. அதற்கப்பால் வண்டியை நிறுத்துவது ரயரும் தார்வீதியுமே. பெரிய தட்டு தருவது வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலை மட்டுமே. இதை அறியாமல் பணத்தைக் கொட்டுவோரை நாம் குறை கூறமாட்டோம். மயிரிழையில் தப்பியவர் நாமும்தானே.

புதிய பாட்டுகளைத் தட்டோடு பழக்கவேண்டும். 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 20 வரை, முற்றாக நிறுத்தாமல், பத்து முறை தணித்து, பின் சூடாற ஓடவேண்டும். இதற்கு வெறுமையான நேர்வீதி தேவை. எழுவான்கரையில் அதற்கு இடமேது? காத்தான்குடிக் கடைத்தெருவின் நெரிசல் யாவரும் அறிந்ததே. ஆகவே ஒரு மாலை கல்லடி வழியாக ஆரையம்பதி சென்று, மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குத் திரும்பினோம். 2014 இல் இப்பாலம் திறக்கப்படும் வரை, 'பாதை' என்று எம்மவர் வழங்கும் மிதவைக்காக வாகனங்கள் கரையிற் காத்துக் கிடந்தன. கல்லடியிலும் 1924 இன் மானிங் சீமாட்டி பாலம் ஒடுங்கியதே. 2013 இற்றான் அருகே புதிய பாலம் வந்தது. காத்திருந்த காலத்தில் பிறேக்குக்கு இத்தனை வேலை இருந்ததில்லை.

எம் தந்தையார் வைத்திருந்த மொறிஸ் மைனருக்கு நாற்சில்லிலும் ட்றம் பிறேக்கே. மாரி வெள்ளம் வீதியை மேவினால் ட்றமுக்குள் நீர் புகுந்து பிடிமானம் போய்விடும். அவர் காலை மெல்ல மிதியில் வைத்தபடியே ஓடி அதை உலர்த்துவார். தட்டுப் பிறேக்குக்கு 1902 இலேயே இங்கிலாந்தில் லான்செஸ்ரர் என்பார் காப்புரிமை பெற்றிருந்தும், 1953 இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் வண்டி அதனைக் கொண்டு வென்ற பின்னரே அதன் புகழ் பரவிற்று.

மண்முனைக்கு அப்பால் வயல்வெளி. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் ஆலயத்தில் இறங்கி வணங்கினோம். அங்கே கல்நந்தி எழுந்து புல்லுண்டு பறங்கியரை விரட்டியது என்பது ஐதிகம். வவுணதீவு நோக்கிச் செல்லும் வீதியில் பழக்கத்தைத் தொடங்கினோம். ஏழாம் முறை வேகம் எடுத்தபோது, வரம்பிலிருந்து கன்றொன்று துள்ளி வீதிக்கு ஏறிற்று, தாய் பின்னே. மிதித்தோம். மிதி உறுதியாக நின்றது. வண்டி நேராக, அலையாமல் நின்றது. கன்றுக்கும் எமக்கும் இடையே ஒரு பாய் விரிக்க இடமிருந்தது. மாடு மேய்த்த முதியவர், "கண்டு தெரியாமப் பாஞ்சிற்று, மகன், கோவிக்காதிங்க" என்றார். கோபிக்க எமக்கு நா எழவில்லை. முழுதாக நிறுத்தக்கூடாது என்ற விதி கெட்டது. முதலிலிருந்து மீண்டும் தொடங்கினோம்.

வலையிறவுப் பாலத்தைக் கடக்கையில் வாவி செந்நிறமாய்க் கிடந்தது. தோணிகள் கரை ஒதுங்கின. சில்லுகளிலிருந்து ஓசை எதுவும் எழவில்லை.

மார்கழி விடுமுறையில் அதே குடும்பத்தோடு மீண்டும் கண்டிக்குச் சென்று, பதினெட்டு வளைவை இரண்டாம் கியரில் இறங்கினோம். பிறேக்கைத் தொட்டதெல்லாம் வளைவின் வாயில் மட்டுமே. மகியங்கனையில் நிறுத்தி முன்சில்லருகே கையைக் காட்டிப் பார்த்தோம்; அடுப்படியின் இளஞ்சூடுதான். மாமியார் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "மருமகன், இண்டைக்கு மணம் ஒண்டும் இல்ல. தேத்தண்ணி குடிப்பமா?" என்றார்.